ஒளியாண்டுக்காரர்

மனிதர்களில் ஒளியாண்டுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று தெரியாமல் விட்டிருப்பீர்கள். பெயரை நான் தருகிறேன், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற பஸ் சூளகிரியைத் தாண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் இறங்கி முன்மூடியைத் திறக்கிறார், புகை வருகிறது, பின் சீட்டில் குழந்தை வீறிடுகிறது, கோர்ட்டில் வாய்தா இருக்கிற ஒருவர் கண்டக்டரைப் பிடித்து உலுக்குகிறார், கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் முகூர்த்த நேரத்தைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறது. இத்தனைக்கும் நடுவில் ஜன்னலோரமாக ஒருவர் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருப்பார். பக்கத்து ஆள் பக்கம் மெதுவாகத் திரும்புவார். "அரை மணி லேட்டுன்னு இந்தக் குதி குதிக்கறீங்களே, ஆண்ட்ரமேடா நட்சத்திர மண்டலத்துல இருந்து கெளம்புன வெளிச்சம் இங்க வந்து சேர இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆவுது, தெரியுமா?" என்பார். அவரேதான்.

இவரிடம் சில்லறை எண்ணே கிடையாது. லட்சத்துக்குக் கீழே இறங்கினால் காய்ச்சல் வந்துவிடும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். சூரியனில் இன்னும் ஐந்நூறு கோடி வருஷத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று தைரியம் சொல்வார். மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று கேட்டால் மட்டும் தெரியாது. எழவு வீட்டுக்குப் போவார். பாடை கட்ட மூங்கில் போதவில்லை என்று எல்லோரும் அலைந்துகொண்டிருக்க, இவர் செத்தவரின் மச்சானைத் தனியே தள்ளிக்கொண்டு போய், நம் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பு ஏதோ ஒரு நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்தது என்று விளக்கிக்கொண்டிருப்பார். மச்சான் என்ன செய்வான், பாவம்! தலையை ஆட்டுவான். தலையாட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டால் போதும், ஒளியாண்டுக்காரருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

இந்த இனத்தின் உத்தமமான மாதிரி ஒருவரோடு நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பெயர் ராமப்பன். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில், அரசாங்கத் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், மோட்டார் வண்டிகளுக்கு எஃகுப் பின்கள் செய்துகொடுக்கிற சின்னக் கம்பெனி. பேரைச் சொல்லமாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. நான் அதில் டெஸ்பாட்ச் குமாஸ்தா. பெட்டிக்கு ஆணி அடித்தார்களா, லேபிள் ஒட்டினார்களா, லாரி வந்ததா என்று பார்ப்பது என் வேலை. ராமப்பன் சார் இன்ஸ்பெக்ஷன் சூப்பர்வைசர். பின் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. கம்பெனியில் ஏசி உள்ள ஒரே அறை அவருடையது, முதலாளிக்குக்கூடக் கிடையாது. எஃகு சூட்டில் விரியும் என்பதால் அந்த அறையை எப்போதும் இருபது டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மே மாதத்தில் எங்களுக்கெல்லாம் அடிக்கடி அவரிடம் சந்தேகம் கேட்க வேண்டியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம் என்று மூன்றிலும் வெளுத்துக்கட்டுவார். ஆனால் ஆகாயத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் "புரிந்ததா" என்பதை மட்டும் யாராக இருந்தாலும் கன்னடத்தில்தான் கேட்பார். "கொத்தாய்தா?" புரியவில்லை என்று சொன்னவன் எவனும் டீ முடிவதற்குள் மெஷினுக்குத் திரும்பியதில்லை.

பெங்களூர் இங்கிலீஷ் பேப்பர் வாங்கி, ஆகாயச் செய்தியை மட்டும் கத்தரித்து, பச்சை அட்டை ஃபைலில் ஒட்டிவைப்பார். அவர் சம்சாரம் லட்சுமியம்மாள் கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஒரு தடவை சாப்பாட்டு கேரியர் கொண்டுவந்தவர், பிரபஞ்சம் ஓயாமல் விரிந்துகொண்டே போகிறது என்று இவர் எங்களுக்குப் பாடம் நடத்துவதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "அதெல்லாம் விரியுதாமே, எங்கூட்டுச் சமையக்கட்டு மட்டும் ஏன் விரியலன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க" என்று கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டார். ராமப்பன் சார் கோபித்துக்கொள்ளவில்லை. பொம்பளைகளுக்கு ஒளியாண்டு ஏறாது என்று எங்களைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

1990-இல் அமெரிக்கர்கள் ஹப்பிள் என்ற தொலைநோக்கியை ஆகாயத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்களே, அன்றிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை. இரண்டே மாதத்தில் அது அனுப்பிய படமெல்லாம் கலங்கலாக வருகிறது, கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது பாருங்கள், அடடா! சொந்தத் தங்கை கல்யாணத்தில்கூட அவர் அப்படிப் பூரித்ததில்லை. ஏனென்றால் தேய்ப்பதும் அளப்பதும் நம்முடைய தொழில் அல்லவா!

"கண்ணாடி ஓரத்துல, தலமுடியில அம்பதுல ஒரு பங்கு அதிகமாத் தேச்சுட்டான். ஏன் தேச்சான்? அளக்கற கருவி தப்பு. அது ஏன் தப்பாச்சு? கருவியைப் பூட்டறப்ப உள்ள ஒரு மூடியில துளியூண்டு பெயின்ட் பேந்துபோச்சு. வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பவும், அதையே அளவுன்னு நெனச்சு, லென்ஸை ஒண்ணேகால் மில்லிமீட்டர் தள்ளிப் பூட்டிட்டான். இதுகூடப் பரவால்லப்பா. இன்னும் ரெண்டு கருவி வச்சிருந்தான். ரெண்டும் தப்பு தப்புன்னு கத்துச்சு. இவன் என்னா சொன்னான்? அதுங்க மட்டமான கருவி, என் கருவிதான் ஒசத்தின்னுட்டான். திமிரு! அளக்கற கேஜ் மேல சந்தேகம் வராதவன் இன்ஸ்பெக்டரா? கொத்தாய்தா?"

இந்தக் கதையை நான் மட்டும் நூறு தடவை கேட்டிருப்பேன். 1993 டிசம்பரில் ஏழு பேர் மேலே போய்க் கண்ணாடிக்கு மூக்குக்கண்ணாடி மாட்டுகிற மாதிரி ஒரு வேலை செய்து சரிபண்ணினார்கள். என்னைக் கேட்டிருந்தால் 1990-லேயே சொல்லியிருப்பேன் என்றார். மறுவருஷம் மே மாதத்தில், ஐந்து கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திர மண்டலத்தின் நடுவில் முந்நூறு கோடி சூரியன்களின் எடையோடு கருந்துளை இருக்கிறது என்பதற்கு ஹப்பிள் சாட்சி கொடுத்தது. அந்த வாரம் பூராவும் கேன்டீனில் சாம்பார் வாளிக்குள் கரண்டியைச் சுழற்றிச் சுழற்றி, கருந்துளையைச் சுற்றி வாயு எப்படி ஓடுகிறது என்று காட்டினார். பரிமாறுகிறவர் கரண்டிக்காகக் கை நீட்டியபடியே நின்றிருந்தார்.

அதே 1994 ஜூன் முதல் தேதி முனீர் அகமது வேலைக்குச் சேர்ந்தான். குருபரப்பள்ளிக்காரன், இருபத்தாறு வயசு, கிரைண்டிங் மெஷினில் கை அப்படிப் பேசும். ஆறு மாதம் தகுதிகாண் பருவம். நவம்பர் முப்பதாம் தேதி முடிந்ததும் பர்மனென்ட். மனைவி ரோஷன் பீயும் கைக்குழந்தையும் குருபரப்பள்ளியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். பர்மனென்ட் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்களைக் கூட்டிவருவேன் என்று மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டில் ஒரு அறையும் சொல்லிவைத்துவிட்டான். பூப்போட்ட ஜன்னல் திரை வாங்கிக்கொண்டு வந்து, எப்படியிருக்கிறது என்று எங்களிடம் காட்டினான். ஜன்னலே இல்லாத அறைக்கு எதற்கடா திரை என்று கிண்டல் பண்ணினோம்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பேட்டையில் அது எப்படிப்பட்ட திருவிழா என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்கெல்லாம் குளியல், வாழைக்கன்று, மாலை. வாசலில் பூசணிக்காய். சுத்தியல், ஸ்பேனர், திருப்புளி என்று சின்னச் சாமான்களையெல்லாம் பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம். ராமப்பன் சாரும் தன் அறைச் சாமான்களுக்குத் தானே பூஜை போட்டார். அதில் முக்கியமானது மாஸ்டர் பின்.

இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அச்சாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு எஃகுப் பின். தினமும் காலையில் இதை அளவுமேடை மேல் வைத்து, முள் உள்ள டயலை அதன் தலையில் தொடவிட்டு, முள்ளை ஜீரோவில் நிறுத்துவார்கள். அப்புறம் மெஷினில் செய்த பின்களை ஒவ்வொன்றாக அதே இடத்தில் வைத்தால், மாஸ்டரைவிட எவ்வளவு தடிப்பு, எவ்வளவு இளைப்பு என்று முள் காட்டும். பத்து மைக்ரான் வரை மன்னிப்பு உண்டு. அது தலைமுடியில் ஏழில் ஒரு பங்கு. அதற்குமேல் போனால் சிவப்பு பெயின்ட் அடித்து ரிஜெக்ட் தொட்டி.

இந்த மாஸ்டரை ராமப்பன் சாரைத் தவிர யாரும் தொடக் கூடாது. கைச்சூட்டில் விரிந்துவிடுமாம். வெல்வெட் வைத்த மரப்பெட்டியில் படுத்திருக்கும். நம்பர் வெட்டிய பக்கம் எப்போதும் மேலே. ராத்திரி படுக்கப்போகும்போது எண்ணெய்ப் பூச்சு. பூஜையன்று அதற்கு மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு என்று சந்தனத்தைத் தாராளமாக வைத்தார். மறுநாள் மேலே இருந்ததைத் துடைத்தார். கீழே இருந்தது காய்ந்து, எண்ணெயில் ஊறி, பின்னின் தோலாகவே ஆகிவிட்டது. எஃகோடு சேர்த்து இருபது மைக்ரான் சந்தனத்துக்கும் தினமும் ஜீரோ வைத்தார். மாஸ்டர் பருத்துவிட்டால் மற்ற பின்களெல்லாம் இளைத்துத்தானே தெரியும்? இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: பூஜை முடிந்த மறுவாரத்திலிருந்து முனீர் செய்த பின்களில் பாதிக்குமேல் சிவப்பு பெயின்டோடு திரும்பி வந்தன.

முனீர் முதலில் தன் மெஷினைச் சந்தேகப்பட்டான். கல்லை மாற்றினான், தண்ணீரை மாற்றினான், ஒருநாள் சாப்பிடாமல் நின்று அரைத்தான். அப்புறம் கையில் நுண்ணளவு பார்க்கிற மைக்ரோமீட்டரோடு ஏசி அறைக்குப் போனான். நானும் சந்தேகம் கேட்கிற சாக்கில் அங்கே காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சார், மைக்ரோமீட்டர்ல வச்சா அளவு கரெக்டா நிக்குது. உங்க டயல்ல மட்டும் இருவது மைக்ரான் கம்மி காட்டுது. மாஸ்டரை ஒருக்கா பாத்துடலாங்களா?"

"மைக்ரோமீட்டரு கையில புடிக்கற சாமான். இது கிரானைட் கல்லு மேல நிக்கற சாமான். எதை நம்பச் சொல்ற?"

"ரெண்டாவது மைக்ரோமீட்டர்லயும் பாத்துட்டன் சார்."

"மட்டமான கருவி ரெண்டு இருந்தா ஒசத்தி ஆயிடுமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஹப்பிள் கதை ஞாபகம் வரவே இல்லை. நூறு தடவை கேட்ட கதை! அவருக்கும் வரவில்லை. கதை அமெரிக்காவில் நடந்தது, இது மூக்கண்டப்பள்ளி.

இன்னொரு சங்கதியும் நடந்தது. இரண்டாம் ஷிப்டில் அதே மெஷினை ஓட்டுகிற எல்லப்பன் பதினைந்து வருஷ சர்வீஸ் ஆள். முள் இளைப்பு காட்டுகிறதா? சரி, இருபது மைக்ரான் தடிப்பாக விட்டு அரைத்தான். அவன் பின்களெல்லாம் ஓகே, ஓகே, ஓகே. "கேஜ் என்னா சொல்லுதோ அதை அரைக்கறன்டா. நான் என்னா சயின்டிஸ்டா? நீயும் அப்பிடியே அரைச்சுட்டுப் போ" என்று முனீருக்கு நல்ல புத்தி சொன்னான். முனீருக்கு அந்தப் புத்தி ஏறவில்லை. பன்னிரண்டு என்று வரைபடத்தில் போட்டிருக்கிறதே அண்ணா, தெரிஞ்சே எப்படித் தடிப்பா விடறது என்று கேட்டான். பிழைக்கத் தெரியாதவன் என்றோம்.

அக்டோபர் கடைசியில்தான் அந்தச் செய்தி வந்தது. காலை டீ நேரம். கம்பெனி வாசலில் உள்ள டீக்கடையில் பச்சை ஃபைலோடு ராமப்பன் சார் நடுநாயகமாக நின்றார். ஐந்து கோடியே அறுபது லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திர மண்டலத்தின் தூரத்தை ஹப்பிள் துல்லியமாக அளந்துவிட்டதாம். அந்தக் கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயசு எண்ணூறு கோடியிலிருந்து ஆயிரத்து இருநூறு கோடி வருஷம்.

"இதுல என்னா வேடிக்கைன்னா, பிரபஞ்சத்துக்குள்ள இருக்கற பழைய நட்சத்திரங்களோட வயசு ஆயிரத்து நானூறு கோடிக்கு மேலயாம். அப்பனைவிடப் புள்ள மூத்தவன்! எப்பிடி இருக்குது? சொல்லுங்கப்பா, யார் மேல சந்தேகப்படணும்?"

எல்லோரும் கிளாஸை ஊதிக்கொண்டிருந்தோம். டீ சூடாக இருந்தது.

"புள்ளைய சந்தேகப்படக் கூடாதுப்பா! அவன் பாட்டுக்கு எரிஞ்சுட்டு நிக்கறான், அவன் என்னா பண்ணுவான்? அளவுகோல்ல எங்கயோ தப்பு இருக்குது. மொதல்ல அளவுகோலைத் திருப்பிப் பாக்கணும். நான் அங்க இருந்தா அதைத்தான் பண்ணுவன். கொத்தாய்தா?"

கும்பலின் ஓரத்திலிருந்து முனீர் குரல் கொடுத்தான். "இதைத்தான் சார் ரெண்டு வாரமா உங்ககிட்ட கெஞ்சறன். மாஸ்டரைத் திருப்பிப் பாருங்க சார். நட்சத்திரத்துக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

ராமப்பன் சார் ஃபைலை மூடினார், கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தார்.

"அது பிரபஞ்சம்பா," என்றார். "இது கம்பெனி."

எங்களில் யாராவது முனீர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிலர் சிரித்தோம்கூட. புதுப்பையன், சூப்பர்வைசரை நாலு பேர் முன்னால் மடக்குகிறானே என்று உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அன்று சாயங்காலமே அவனுக்கு முதல் மெமோ வந்தது. நவம்பரில் இன்னும் இரண்டு. மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காகிதத்தில் வந்ததைப் பார்ப்பார், காகிதத்தில் வராததைப் பார்க்க மாட்டார். காகிதத்தில் எல்லப்பன் தங்கம், முனீர் தகரம். முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டு, திருப்தியில்லாததால் நீடிப்பு இல்லை என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்தார்கள். முனீர் அதை இரண்டு தடவை படித்தான். ஏப்ரனை மடித்து மெஷின் மேல் வைத்தான். பையில் அந்தத் திரை இருந்தது.

அடுத்த வாரம் லாரி வந்தது. சரக்கு எடுத்துப்போக வந்த லாரி என்று நினைத்து நான் போனேன், சரக்கைக் கொண்டுவந்திருந்தது. நவம்பரில் ஓகே என்று அனுப்பிய ஏழாயிரம் பின்களும் தடிப்பு, துளைக்குள் இறங்கவில்லை என்று வாங்கிய கம்பெனி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. கூடவே ஒரு கடிதம்: மூன்று நாளில் சரியான பின் வரவில்லை என்றால் இனி உங்களோடு உறவில்லை.

மேனேஜர் ஏசி அறைக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். ராமப்பன் சார் நிதானமாகப் பச்சை ஃபைலைப் பிரித்தார். உஷ்ணநிலை மாறினால் எஃகு எப்படி விரியும், வாங்கிய கம்பெனியில் ஏசி சரியில்லாமல் இருக்கலாம், ஹப்பிள்கூட வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது நடுங்கியது என்று ஆரம்பித்தார். மேனேஜர் தலையாட்டவில்லை. பாவம், அவருக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அப்போது ருக்மணி உள்ளே வந்தாள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். பின்களை மண்ணெண்ணெயில் அலசித் துடைத்துத் தட்டில் அடுக்குவது அவள் வேலை. அலசுகிறவளுக்கு அழுக்குத்தானே கண்ணில் படும்? மேஜைமேல் திறந்திருந்த மரப்பெட்டியைப் பார்த்தாள். சட்டென்று மாஸ்டர் பின்னை எடுத்துவிட்டாள். வெறுங்கையால்! ராமப்பன் சார் "ஏய்!" என்று போட்ட சத்தம் கிரைண்டிங் செக்‌ஷன் வரை கேட்டதாம். அவள் அதற்குள் மூக்கருகில் கொண்டுபோய் மோந்தே பார்த்துவிட்டாள்.

"பூச வாசனை வருது சார்," என்றாள். திருப்பினாள். "கீழ எதோ அப்பிட்டு இருக்குது பாருங்க." நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. ஈரத் துணி வாங்கித் துடைத்து மேனேஜர் கையில் கொடுத்தாள்.

மறுபடி ஜீரோ வைத்தார்கள். ரிஜெக்ட் தொட்டியிலிருந்து முனீரின் பின்களை எடுத்துவந்து அளந்தார்கள். சிவப்பு பெயின்டுக்குள்ளே ஒவ்வொன்றும் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒன்று, பத்து, நூறு. ருக்மணிதான் பெயின்டைக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். மூன்று நாளில் கம்பெனி மானத்தைக் காப்பாற்றியது வேலையை விட்டு அனுப்பிவிட்ட ஒருத்தனின் பின்கள்தான். பெட்டிக்கு லேபிள் ஒட்டும்போது எனக்குக் கை கூசியது.

ராமப்பன் சார் வெட்கப்பட்டிருப்பார், தலை குனிந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஒளியாண்டுக்காரர்களை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மறுநாள் டீக்கடையில் அவர் குரல் முன்னைவிடக் கணீரென்று இருந்தது. "அமெரிக்காக்காரனுக்குப் பெயின்ட் உதிர்ந்து தப்பாச்சு. நமக்குச் சந்தனம் ஒட்டித் தப்பாச்சு. அவன் கண்டுபுடிச்சுச் சரி பண்ண மூணு வருஷமாச்சு. நாம மூணு நிமிஷத்துல முடிச்சுட்டம்! கொத்தாய்தா?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ருக்மணி பெயர் வரவில்லை. முனீர் பெயர் எதற்கு வரப்போகிறது?

முனீரைத் திரும்பக் கூப்பிடுவது என்று மேனேஜர் முடிவு செய்தார். கெட்டவர் இல்லை என்று சொன்னேனே. ஆனால் காகிதம் என்று ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து விட்டவனைத் திரும்ப எடுத்தால் புது ஆளாகத்தான் எடுக்க முடியுமாம். புது ஆள் என்றால் மறுபடி ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அந்த ஆறு மாதமும் அவன் பின்களை அளந்து தீர்ப்புச் சொல்லப்போவது ராமப்பன் சார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

குருபரப்பள்ளியில் ரோட்டோரம், மாமனாரின் சைக்கிள் கடையில் முனீர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கை துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினான். சந்தனக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளேயிருந்து ரோஷன் பீ குழந்தையோடு வந்து நின்றாள்.

"வேல திரும்பக் கெடச்சுடுச்சாண்ணா?"

"கெடச்சுடுச்சும்மா. ஆறு மாசம் மட்டும் மறுபடியும்..."

"தப்பு அவர் மேல இல்லன்னுதான சொல்றீங்க?"

"ஆமாம்மா."

"அப்புறம் என்னாத்துக்கு ஆறு மாசம்?"

முனீர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "சும்மா இரு, அண்ணன் என்னா பண்ணுவாரு," என்று எனக்காகப் பேசினான். திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். அவன் சொல்லிவைத்திருந்த லைன் வீட்டு அறையை அதற்குள் வேறு யாருக்கோ விட்டிருந்தார்கள்.

அண்ணன் என்ன பண்ணுவார் என்றானே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அண்ணன் பண்ணியிருக்கலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நவம்பர் இருபத்திரண்டாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் முனீர் என் மேஜைக்கு வந்தான். கையில் துணியில் சுற்றிய நாலு பின்கள். "அண்ணா, நீங்க தெனம் பில்லு எடுத்துட்டு பேட்டைப் பக்கம் போறீங்க இல்ல, அங்க ஒரு டூல் ரூம்ல எங்காளு அப்துல் சலாம் இருக்கறான். இதை அளந்து அளவை எழுதித் தரச் சொல்லுங்கண்ணா. அந்தச் சீட்டை மேனேஜர்கிட்டக் காட்டறன்" என்றான். நான் அப்போது ராமப்பன் சாரிடம் இரவல் வாங்கிய பச்சை ஃபைலைப் படித்துக்கொண்டிருந்தேன். சுவாரசியமான இடம். தலையைத் தூக்காமல், உள்ளங்கையை மட்டும் அவனைப் பார்த்து உயர்த்தி, "இரு முனீர், இதை முடிச்சுட்டு வர்றன்" என்றேன். கொஞ்ச நேரம் நின்றிருப்பான் போல. நிமிர்ந்தபோது ஆளைக் காணோம். நானும் விட்டுவிட்டேன். முப்பதாம் தேதிக்கு முழுசாக எட்டு நாள் இருந்தது.

ஆகவே ஜாக்கிரதை. இந்த இனத்துக்குப் பச்சை ஃபைல் கட்டாயமில்லை, கன்னடமும் கட்டாயமில்லை. நாட்டு நடப்பு, கிரிக்கெட், பக்தி, இலக்கியம் என்று தூரத்தில் ஏதாவது ஒன்று பிரகாசமாக இருந்தால் போதும். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நேரம் ராமப்பனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்களே! ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்க நீங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில், வீட்டில் யாரோ எதையோ சொல்ல வந்து நின்றார்கள். நீங்கள் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, "இரு, இதை முடிச்சுட்டு வர்றேன்" என்றீர்கள். முடித்தாயிற்று. நிமிர்ந்து பாருங்கள், இன்னும் நிற்கிறார்களா?